மலையகத்துக்குக் கோதுமை வந்த வரலாறு



வைகறை ஐந்து மணிக்கு ஹற்றனைச் சூழ்ந்த தோட்டங்களில் எந்த லயத்தின் முன்னே நின்றாலும் ஒரே மணந்தான் மூக்கை எட்டும். கோதுமை மாவில் துருவிய தேங்காயும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கையினால் தட்டி, சூடேறிய கல்லிலே இடும் ரொட்டியின் மணம் அது. அந்த ரொட்டியையும் சிறிது சம்பலையும் பொதிந்து எடுத்துக்கொண்டுதான் நம் தாய்மார் பெரட்டுக்குச் செல்கின்றனர். அதையே கையில் ஏந்திக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் வரலாற்றுப் பாட வேளையொன்றில், “நம் முன்னோரின் உணவு யாது?” என்று மாணவரை வினவினேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில், “ரொட்டி” என்று விடையளித்தது. முன்பெல்லாம் நானும் அந்த விடையைச் சரியென்றே கொண்டிருப்பேன். ஆனால், அதற்குச் சிறிது முன்னர் என் பாடசாலையில் பயின்ற ஒரு சிறுமியின் நோய் அந்த விடையை ஐயுற வைத்துவிட்டது. அவளை முன்னிட்டே இந்த வரலாற்றை நான் தேடிப் படிக்கலானேன்.

அவள் ஆறாம் வகுப்பில் இருந்தாள். தோற்றத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை போல இருப்பாள். முகம் வெளிறி, கைகால் மெலிந்து, வயிறு மட்டும் உப்பியிருக்கும். வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டாள். காலைக் கூட்டத்தில் நிற்கும்போது ஒருமுறை மயங்கி விழுந்தாள். தோட்டத்து மருந்தகத்தில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். பயனில்லை. நானோ, பிள்ளையைக் காலையில் பட்டினியாக அனுப்புகிறார்கள் என்று எண்ணி அவளுடைய பெற்றோரை அழைத்துக் கடிந்துகொண்டேன். “காலையில ரெண்டு ரொட்டி குடுத்துத்தாங்க சார் அனுப்புறோம்” என்று அந்தத் தாய் கண்கலங்கச் சொன்னதை அன்று நான் நம்பவில்லை. அவள் சொன்னது முற்றிலும் உண்மை. பிள்ளையை வருத்தியதும் அந்த இரண்டு ரொட்டிதான்.

அது எவ்வாறு என்பதை அறிவதற்கு, கோதுமை இம்மலைக்கு வந்த வழியை முதலில் காண வேண்டும்.

1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. அவற்றில் வேலை செய்வதற்குத் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, மதுரை, திருநெல்வேலி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்கள் பலர். வழியில் மாண்டவர்களும் பலர். 1867இல் லூல்கந்தரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869 முதல் கோப்பி இலையைப் பற்றிய நோயினால் அப்பயிர் படிப்படியாக அழிந்தது. மலை முழுவதும் தேயிலை பரந்தது.

இவ்வாறு வந்தவர்கள் தத்தம் ஊரில் உண்டது என்ன? ஆற்றுப் பாசனம் உள்ள ஊரார் அரிசி உண்டனர். வானம் பார்த்த பூமியில் வாழ்ந்தவர்கள் கேழ்வரகுக் களியும், கம்பங் கூழும், சோளச் சோறும், வரகும், சாமையும் உண்டனர். கோதுமை அவர்களுடைய நிலத்துப் பயிருமன்று. அவர்களுடைய அடுப்புக்குப் பழகிய தானியமுமன்று.

தோட்டத்திற்கு வந்த பின்னர் அரிசியே முதன்மையான உணவாயிற்று. அந்த அரிசியும் இங்கு விளைந்ததன்று. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்து, தோட்ட நிருவாகத்தின் கையால் அளந்து கொடுக்கப்பட்டு, கூலியிலே கழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலியை வரையறுத்த 1927ஆம் ஆண்டுச் சட்டம் அரிசி வழங்கலையும் அதன் விலையையும் கருத்திற் கொண்டே இயற்றப்பட்டது. கூலியும் அரிசியும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தமையால், கப்பல் வராவிட்டால் மலையில் உலை கொதியாது என்ற நிலை அன்றே உருவாகிவிட்டது.

அந்த நாளும் வந்தது. 1942 மார்ச்சு மாதத்தில் யப்பானியப் படைகள் இரங்கூனைக் கைப்பற்றின. ஏப்பிரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. தனக்கு வேண்டிய அரிசியிற் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து பெற்றுவந்த இலங்கைக்குப் பர்மிய அரிசி ஒரேயடியாக நின்றுபோயிற்று. அவ்வாண்டிலேயே பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, அரிசியின் இடத்தை நிரப்பக் கோதுமை மாவும் வந்தது. அதற்கு முன்னரே இந்நாட்டு நகரங்களில் பாண் இருந்தது உண்மை. பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயர் தந்ததுதான். எனினும் மலையகத்து அடுப்பிலே கோதுமை பேரளவில் ஏறியது போர்க்காலத்து நெருக்கடியினாலேயே. பஞ்சத்தை நீக்க வந்த விருந்தாளியாக அது வீட்டினுள் நுழைந்தது.

நேயர்களே, இங்கே அரிசி மறைந்து கோதுமை வந்த அதே போரில், பூமியின் மற்றொரு மூலையில் இதற்கு நேர்மாறாகக் கோதுமை மறைந்தது. அந்த நாடு ஒல்லாந்து. 1944ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1945ஆம் ஆண்டின் வசந்தம் வரை, செருமானியர் வசமிருந்த அந்நாட்டின் மேற்குப் பகுதியில் கொடிய பஞ்சம் நிலவியது. மக்கள் தூலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட அவித்துத் தின்றனர். பாண் கிடைப்பது அரிதாயிற்று. பல்லாயிரவர் பசியால் மாண்ட அந்தக் குளிர்காலத்தில், ஹேக் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையின் தலைவராயிருந்த வில்லெம் கரெல் டிக்கே என்ற வைத்தியர் ஒரு விந்தையைக் கண்டார். ஊரெல்லாம் மெலிய, தீராத வயிற்றுப்போக்கினால் நெடுநாள் வாடிக் கிடந்த அவருடைய நோயாளிக் குழந்தைகள் தேறினர். போர் முடிந்து பாண் மீண்டும் வந்ததும் அவர்களுடைய நோயும் மீண்டது.

டிக்கே இதைத் தற்செயலாகக் கண்டவரல்லர். குழந்தையின் உணவிலிருந்து கோதுமையை விலக்கிப் பார்க்கும் முயற்சியில் அவர் 1930களிலேயே ஈடுபட்டிருந்தார். பஞ்சம் அவருடைய ஐயத்தை உறுதிப்படுத்தியது. 1950இல் ஊத்திரெக்டுப் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆய்வுநூல், அக்குழந்தைகளுக்கு நஞ்சாவது கோதுமையே என்று நிறுவியது. அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய தோழர்களான வைத்தியர் வைஜெர்சும் இரசாயனவியலார் வான் டி காமரும், இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகர ஆய்வாளர்களும், கோதுமையின் மாச்சத்து குற்றமற்றது என்றும், அதிலுள்ள குளூட்டன் என்னும் புரதமே காரணம் என்றும் தெளிவாக்கினர். மாவைப் பிசையும்போது இழுபடும் பசைத்தன்மையைத் தருவது இந்தக் குளூட்டனே. வாற்கோதுமையிலும் றை என்னும் தானியத்திலும் இதையொத்த புரதங்கள் உள்ளன. அரிசியிலும், கேழ்வரகிலும், கம்பிலும், சோளத்திலும், தினையிலும், சாமையிலும் அவை இல்லை.

இந்நோய்க்குச் சீலியாக் நோய் என்று பெயர். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கப்பதோக்கியா நாட்டு வைத்தியர் அரித்தேயசு, உண்டது செரியாமல் உடல் தேயும் இத்தகைய நோயொன்றை வருணித்துள்ளார். 1887இல் இலண்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஆற்றிய உரையில் சாமுவேல் ஜீ என்ற வைத்தியர் நோயின் குறிகளைத் தெளிவுற விளக்கி, இது தீருமானால் உணவினாலேயே தீரும் என்றும் கூறினார். இவ்வளவு நுட்பமாகக் கண்டவர், அரிசி ஆகாது என்று விலக்கிவிட்டு, மெல்லியதாக அரிந்து வாட்டிய பாணைக் கொடுக்கலாம் என்றார்! 1924இல் அமெரிக்க வைத்தியர் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவினால் குழந்தைகளைத் தேற்றினார். நன்மை செய்தது வாழைப்பழம் என்றே அவர் நம்பினார். பாண் நீங்கியதே நன்மைக்குக் காரணம் என்பது அப்போது புலப்படவில்லை. நாள்தோறும் உண்ணும் உணவின் மீது ஐயம் கொள்வது அறிஞருக்கும் அரிதாயிருந்தது என்றால், தோட்டத்துத் தாயொருத்திக்கும் பள்ளிக்கூடத்து அதிபர் ஒருவருக்கும் அது எளிதாகுமா?

இனி, நோயின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் சிறுகுடலின் உட்சுவரில் விரல்போன்ற நுண்ணிய சடைமுளைகள் நெருங்கி நிற்கின்றன. உணவின் சத்தை உறிஞ்சி இரத்தத்திற்குக் கொடுப்பவை அவையே. சீலியாக் நோயுடையவர் குளூட்டனை உண்ணும்போது, நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை தன் குடலையே தாக்குகிறது. சடைமுளைகள் தேய்ந்து மழுங்கிவிடுகின்றன. பின்னர் எதை உண்டாலும் சத்து சேர்வதில்லை. இரும்பு சேராமையால் இரத்தம் குன்றும். சுண்ணாம்புச் சத்து சேராமையால் எலும்பு நோகும். குழந்தையின் வளர்ச்சி நின்றுவிடும். குளூட்டனை முற்றாக விலக்கினால் குடல் பெரும்பாலும் தேறிவிடும். இதற்கு மருந்து அவ்வளவே. ஆனால் ஆயுள் முழுவதும் விலக்க வேண்டும்.

கீழை நாடுகளில் இந்நோய் தன் பெயரால் அறியப்படுவதற்கு ஏன் காலம் தாழ்ந்தது? அதைப் போலத் தோன்றும் பிற நோய்கள் இங்கே மலிந்திருந்தமை ஒரு காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெப்ப நாடுகளில் வாழ்ந்த ஐரோப்பியரை வாட்டிய சுப்புரூ என்ற வயிற்றுநோய்க்கு ‘இலங்கை வாய்ப்புண்’ என்று நம் நாட்டின் பெயரையே இட்டு வழங்கினார்கள். அதிலும் சடைமுளைகள் தேயும். ஆனால் கோதுமையை விலக்குவதால் அது தீராது. 1960களின் தொடக்கத்தில் தமிழகத்துக் கிராமங்களில் அது கொள்ளை நோய்போலப் பரவியதை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஆராய்ந்துள்ளனர். தோட்டங்களிலோ கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்தது. அதை ஒழிக்கும் இயக்கம் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலேதான் தொடங்கிற்று. ஆகவே வெளிறிய முகமும் உப்பிய வயிறும் உள்ள பிள்ளையைக் கண்டால் பூச்சி மருந்து கொடுப்பது நெடுங்கால வழக்கமாயிற்று. அந்த வழக்கம் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அதைக் குறை சொல்வதற்கில்லை. மருந்து கொடுத்தும் தேறாத பிள்ளையிடத்திலேதான் வேறு காரணம் தேட வேண்டும்.

1966இல் வட இந்தியக் குழந்தைகளிடத்துக் காணப்பட்ட சீலியாக் நோயைப் பற்றிய கட்டுரையொன்று பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2016இல் வெளியான ஆய்வொன்று இந்தியாவின் மூன்று பகுதிகளில் ஏறத்தாழ 23,000 பேரைச் சோதித்தது. வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கும், வடகிழக்கே 0.87 பேருக்கும், தெற்கே 0.10 பேருக்குமே இந்நோய் காணப்பட்டது. ஆனால் இந்நோய்க்கு இடமளிக்கும் மரபணு வடக்கே நூற்றுக்கு 38 பேரிடமும், தெற்கே 36 பேரிடமும் இருந்தது. அதாவது, பிறப்பினால் வந்த தன்மை ஏறக்குறைய ஒன்றே. வேறுபட்டது உணவு: வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை உண்ண, தெற்கே 25 கிராம் மட்டுமே உண்டனர். கோதுமையின் அளவு ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்றும் கூறலாகாது. வடகிழக்கே 37 கிராம் உண்பவரிடத்திலும் நோய் மிகுதியாகவே இருந்தது. எனினும் தென்னாட்டிலிருந்து வந்த மரபினராய், வடநாட்டாரைப் போல நாள்தோறும் கோதுமை உண்பவராய் வாழும் மலையக மக்கள், “இது நமக்கு வராத நோய்” என்று இருந்துவிடுதல் தகாது என்பதை இவ்வாய்வு உணர்த்துகின்றது.

போர் முடிந்த பின்னும் கோதுமை ஏன் நம்மை விட்டு நீங்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வந்த விருந்தாளி வீட்டுக்காரராகிவிட்டதற்குக் காரணங்கள் உண்டு. 1953 ஓகத்து 12ஆம் நாள் இந்நாட்டில் நிகழ்ந்த ஹர்த்தாலை மூத்தோர் அறிவர். பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதே அதற்கு வித்து; அதன் விளைவாகப் பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார். அரிசி அரசியலாயிற்று. அதற்குப் பக்கத்துணையாகக் கோதுமை மா நின்றது. 1954இல் அமெரிக்கா இயற்றிய சட்டமொன்றின் வழியே அந்நாட்டின் மிகைத் தானியம் ஏழை நாடுகளுக்குச் சென்றது. இலங்கைக்கும் மா வந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினியும் இறப்பும் மிகுந்தன. அந்நாளில் மாவும் கிடைக்காமல், கிழங்கும் கீரையும் தின்று உயிர் தாங்கியதை என் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1980இல் திருகோணமலையில் சிங்கப்பூர்ப் பிரிமா நிறுவனத்தின் பெரிய மாவாலை இயங்கத் தொடங்கிய பின் மா எங்கும் எளிதில் கிடைக்கலாயிற்று.

இவற்றோடு தோட்ட வாழ்க்கையின் கால ஒழுங்கும் சேர்ந்துகொண்டது. சோறு என்றால் கறி வேண்டும், விறகு வேண்டும், நேரம் வேண்டும். காலையில் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றையப் பேர் போய்விடும் என்று அஞ்சும் பெண்ணுக்கு, அரை மணியில் ஐந்து பேருக்கு ஆகிவிடும் ரொட்டி பேருதவி. மலையுச்சியில் நின்றபடியே கையில் வைத்து உண்ணலாம், சிந்தாது, கெடாது, பசியையும் நெடுநேரம் தாங்கும். ஆகவே ரொட்டியைப் பழிப்பது நன்றி கெட்ட செயலாகும். நம்மில் மூன்று தலைமுறையை வளர்த்தது அது. மிகப் பெரும்பாலோர்க்கு அது எந்தத் தீங்கும் செய்வதில்லை. இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம், நோயில்லாதவரும் நாகரிகம் கருதிக் கோதுமையைத் துறக்கும் வழக்கம் இன்று செல்வ நாடுகளில் பரவியிருப்பதே. அது நம் கதையன்று.

ஒன்றை மட்டும் இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். தோட்ட மக்களின் இரத்தக் குறைவைப் போக்கலாம் என்று கருதி, அவர்கள் மிகுதியாக உண்ணும் கோதுமை மாவிலேயே இரும்புச் சத்தைக் கலந்து கொடுத்துப் பார்த்தனர். 2004இல் வெளிவந்த அதன் முடிவுகள் எதிர்பார்த்த பயனைக் காட்டவில்லை. தானியத்திலுள்ள சில பொருள்களும், உணவோடு அருந்தும் தேநீரும் இரும்பு உடலிற் சேர்வதைத் தடுக்கும் இயல்புடையன. ரொட்டியும் சாயத் தேநீரும் சேர்ந்த நம் காலையுணவு வயிற்றை நிரப்பினாலும் இரத்தத்தை நிரப்பாது என்பதை அதிலிருந்து எல்லோரும் அறிந்துகொள்ளலாம். தேநீரை உணவுக்கு ஒரு மணிநேரம் தள்ளி அருந்துவது நலம்.

இப்பொழுது அந்தச் சிறுமியிடம் திரும்புவோம். 1977ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் மலையிலிருந்து வன்னிக்குச் சென்று குடியேறியவர் பலர். அவளுடைய பெரியம்மாவின் குடும்பமும் அவர்களுள் ஒன்று. ஆண்டிறுதி விடுமுறைக்குக் கிளிநொச்சிக்குச் சென்ற சிறுமி, மேலும் ஒரு மாதம் அங்கேயே தங்கிவிட்டாள். திரும்பி வந்தவளைக் கண்டு நான் வியந்தேன். முகத்தில் ஒளி வந்திருந்தது. ஆனால் இரண்டு மாதத்திற்குள் பழைய நிலையே மீண்டது. அப்பொழுதுதான் அவளுடைய அம்மாயி பாடசாலைக்கு என்னைத் தேடி வந்தார்.

“சார், அங்க மூணு வேளையும் சோறுதாங்க. வயல்காரங்க வீடு. புள்ள நல்லாத்தான் இருந்துச்சு. இங்க வந்து ரொட்டி திங்கத் தொடங்குனதும் மறுபடி வயிறு கெட்டுப்போச்சு. இந்த மாவுதாங்க சார் அதுக்குச் சேரல” என்றார்.

எழுத்தறியாத அந்த மூதாட்டி, பஞ்சத்து ஒல்லாந்தில் டிக்கே செய்த அதே ஒப்பீட்டைத் தன் பேத்தியிடத்துச் செய்திருந்தார். முன்பு தாயின் சொல்லை நம்பாமல் தவறிய நான், இம்முறை தவறவில்லை. நகரத்து வைத்தியசாலையில் குழந்தைநல வைத்தியரிடம் அவர்களை அழைத்துச் சென்றேன். அவர் மூதாட்டியின் சொல்லைப் பொறுமையாகக் கேட்டார். சோதனை முடியும் வரை ரொட்டியை நிறுத்த வேண்டாம் என்று சொன்னார். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் இரத்தத்திலும் குடலிலும் நோயின் தடயம் மறைந்து, சோதனை பொய்த்துவிடும் என்பது காரணம். இதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். பின்னர் இரத்தச் சோதனையும் குடலின் சிறு துணுக்கை எடுத்துப் பார்த்த சோதனையும் நோயை உறுதிப்படுத்தின.

நோயின் பெயரை அறிந்தது பாதி வழிதான். அதனோடு வாழ்வது எஞ்சிய வழி. ஒரு வீட்டில் ஒருத்திக்கு மட்டும் சோறு என்றால், மற்றப் பிள்ளைகளின் பார்வையைத் தாய் எப்படித் தாங்குவாள்? ரொட்டி சுடும் கல்லிலேயே அவளுக்குத் தோசை வார்த்தால் அதுவும் ஆகாது. கடையில் விற்கும் குரக்கன் மாவில் கோதுமை கலந்திருக்கும். இடியாப்பத்திலும் பிட்டிலும் கோதுமை மா சேர்ப்பது நம் நாட்டு வழக்கம். கட்டிப் பெருங்காயத்திலும் அது சேர்க்கப்படுவதுண்டு. பிள்ளை மெலிந்திருக்கிறாளே என்று கடன்பட்டு வாங்கிக் கொடுத்த மோல்ற் பானம் வாற்கோதுமையில் ஆனது! கோயில் திருவிழாவில் கேசரியை வாங்காமல் நின்றவளை, “சாமி பிரசாதத்தையே வேண்டாங்கிறாளே” என்று ஊரார் வைதனர். உடன் பயிலும் பிள்ளை பிறந்தநாளுக்குக் கேக் நீட்டியபோது மறுத்தவளைச் செருக்குடையவள் என்றனர். நோயின் துன்பத்தைக் காட்டிலும் இச்சொற்களே அவளை வருத்தின.

அம்மாயிதான் இதற்கும் வழி கண்டார். தனியாக ஒரு கல் வாங்கினார். குரக்கனைத் தானியமாகவே வாங்கி, கழுவி உலர்த்தி, வீட்டு உரலில் இடித்துக் களி கிண்டினார். முன்னிரவிலேயே சோற்றை வடித்து நீரூற்றி வைத்து, காலையில் சின்ன வெங்காயத்தோடு கொடுத்தார். தம் சிறுவயதில் தம் பாட்டி கிண்டிய களியின் பக்குவம் அவருக்கு நினைவிலிருந்தது. வீட்டார் அனைவரும் இரவில் அதையே உண்ணத் தலைப்பட்டனர். பாடசாலையிலும் சிறிது மாற்றம் செய்தோம். சுற்றுலாவுக்குச் சென்றால் எல்லோருக்கும் சோற்றுப் பொதி. விழா என்றால் கேசரியோடு கடலைச் சுண்டலும் உண்டு. காலைக் கூட்டத்தில் இந்நோயைப் பற்றி அவள் பெயரைச் சொல்லாமல் விளக்கினேன். முன்பு நான் தவறாகக் கடிந்துகொண்ட பெற்றோரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

ஓராண்டில் அவள் வளர்ந்த வளர்ச்சியைக் கண்டவர்கள் இன்றும் சொல்வார்கள். இப்பொழுது அவள் ஒரு முன்பள்ளியில் ஆசிரியை. சாப்பாட்டு வேளையில் எந்தப் பிள்ளை எதை ஒதுக்குகிறது என்பதை அவள் கூர்ந்து கவனிப்பதாகக் கேள்வி.

கோதுமை ஒன்றே இத்தகையது என்று எண்ண வேண்டாம். பாலை அருந்தியதும் வயிறு பொருமிக் கழியும் பிள்ளைகள் நம்மிடையே பலர். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குழந்தைப் பருவம் கழிந்ததும் குன்றுவது தென்னாசிய மக்களிடையே பெரிதும் உள்ள இயல்பு. அவர்களிற் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். இறால், நிலக்கடலை, முட்டை முதலியவற்றால் சிலருக்கு உடல் தடிக்கும், மூச்சும் அடைக்கும். அதில் உயிருக்கே இடர் உண்டு. உடனே வைத்தியரை நாட வேண்டும். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நோய், மருந்தும் வெவ்வேறு. எல்லாவற்றுக்கும் பொதுவான முதற்படி ஒன்றுண்டு: உணவு சேரவில்லை என்று ஒருவர் சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேட்பது.

2022ஆம் ஆண்டில் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது, கோதுமை மாவின் விலை சில மாதங்களுக்குள் பல மடங்கு உயர்ந்தது. கப்பல் வராவிட்டால் மலையில் அடுப்பு எரியாது என்ற 1942ஆம் ஆண்டுப் பாடத்தை எண்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கற்றோம். அவ்வேளையில் லயத்தின் பின்புறத்துச் சிறு தோட்டத்தில் மரவள்ளியும் வற்றாளையும் சோளமும் நட்டவர்கள் ஓரளவு தப்பினர். பல தானியமும் பல கிழங்கும் அறிந்த அடுப்பு, நோயாளிப் பிள்ளைக்கும் உதவும். பஞ்சத்து ஊருக்கும் உதவும்.

இப்பொழுது வரலாற்றுப் பாடத்தில் அதே வினாவை நான் கேட்பதுண்டு. மாணவர், “ரொட்டி” என்கிறார்கள். “அதற்கு முன்பு?” என்று அடுத்த வினாவைத் தொடுக்கிறேன். விடை தேடி அவர்கள் தத்தம் வீட்டு அப்பாயியிடமும் அம்மாயியிடமும் செல்கின்றனர். மறுநாள் களியும், கூழும், தினையும், சாமையும் வகுப்பறைக்குள் வருகின்றன. ஒரு முறை ஒரு சிறுவன் எழுந்து, “சார், எனக்கும் ரொட்டி தின்னா வயிறு வலிக்கும்; சொன்னா ஏசுவாங்கன்னு சொல்லல” என்றான். அன்று மாலையே அவனுடைய தாயை அழைத்துப் பேசினேன். இம்முறை கடிந்துகொள்வதற்கன்று, கேட்பதற்கு.